வார்டிலிருந்து தொடங்குங்கள்: நர்சிங் மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்தப் போகும் புதிய ஆசிரியர்களுக்கு

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டரில் நுண்ணுயிரியலும் தொற்றுக் கட்டுப்பாடும் சேர்ந்த ஒரு தாள் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய பாடத்திட்டப்படி அதில் இரண்டு பகுதிகள். நுண்ணுயிரியலுக்குத் தியரி 20 மணி, லேப் 20 மணி. தொற்றுக் கட்டுப்பாட்டுக்கும் அதே அளவு. இதை நடத்தும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்ததும் முதலில் தோன்றுவது, தடித்த பாடப்புத்தகத்தை எடுத்து லூயி பாஸ்டரில் ஆரம்பித்து அத்தியாயம் அத்தியாயமாகப் போவதுதான். 20 மணி நேரத்தில் அந்தப் பயணம் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாண்டுவதே கஷ்டம். அப்படிப் படித்த பிள்ளை, வார்டில் யூரின் பேக்கைத் தரையில் வைக்கும்போது, வகுப்பில் எழுதிய ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கும் அந்தப் பைக்கும் சம்பந்தம் இருப்பதாகவே நினைக்காது.

ஆகவே ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிருமியைப் பற்றிப் பேசினாலும், நர்ஸ் தன் கையால் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்தே பேசுங்கள். அந்த வேலையைச் சொல்ல முடியாத கிருமி என்றால் அதற்குப் பத்து நிமிடம் போதும்.

வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர்களாக இருக்கலாம். அவர்களுக்கு உயிரியல் தெரியும், ஆங்கிலப் பெயர்கள்தான் புதிது. காரணத்தைத் தமிழில் விளக்குங்கள், பெயரை ஆங்கிலத்தில் போர்டில் எழுதுங்கள், எல்லோரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். ‘கிளெப்சியெல்லா’ என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு டாக்டரிடம் கல்ச்சர் ரிப்போர்ட்டை (சாம்பிளில் வளர்ந்த கிருமி எது என்று சொல்வது) பற்றிப் பேசும்.

முதல் வகுப்பு: கை

நுண்ணோக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் வாஷ்பேசினுக்குக் கூட்டிப் போங்கள். தேவையானவை வெள்ளைக் கையுறைகள், கருநீல போஸ்டர் கலர் ஒரு பாட்டில், கண்ணைக் கட்ட ஒரு துணி.

ஒரு மாணவிக்குக் கையுறை மாட்டி, கண்ணைக் கட்டி, உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் கலரை ஊற்றுங்கள். “இது சோப்பு. வழக்கமாக எப்படிக் கழுவுவாயோ அப்படியே தேய்” என்று மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அவள் போதும் என்றதும் கட்டை அவிழ்த்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை முழுக்க நீலமாக இருக்கும். கட்டைவிரலின் பின்பக்கம், விரல் நுனிகள், விரலிடுக்கு ஆகிய இடங்களில் வெள்ளை தெரியும். ஊசி மருந்து ஏற்றும்போதும் டிரெஸ்ஸிங் செய்யும்போதும் முதலில் படுவது அந்த நுனிகள்தான். இதைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. அதன்பிறகு கைகழுவும் படிகளைச் சொல்லிக்கொடுங்கள். எந்தப் படி எந்த வெள்ளை இடத்துக்கு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நேரத்தையும் அப்போதே பழக்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் கைதேய்ப்பு என்றால் 20 முதல் 30 விநாடி, கை தானாகக் காயும்வரை. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ இருந்தால் சோப்புதான். குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கு உள்ள நோயாளி என்றாலும் சோப்புதான், ஏனென்றால் அதன் ஸ்போர்களை, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவத்தை, ஆல்கஹால் கொல்லாது. ஸ்போர் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

எப்போது கழுவ வேண்டும் என்பதற்கு அதே நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமான அல்லது கிருமிநீக்கிய செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். ஐந்தாவதுதான் எல்லோருக்கும் விட்டுப்போவது. கட்டில் கம்பியைப் பிடித்தோம், நோயாளியைத் தொடவில்லையே என்று நினைப்பார்கள். அசினிடோபாக்டர் என்ற பாக்டீரியா உலர்ந்த பரப்புகளில் பல நாட்கள் உயிரோடிருக்கும் என்பதை இங்கே சொன்னால் அந்தக் கிருமியும் மறக்காது, தருணமும் மறக்காது.

வரலாறு சொல்லத்தான் வேண்டும் என்றால் இந்த வகுப்பில் வியன்னாவைச் சொல்லுங்கள். 1847-இல் அங்கிருந்த பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் பிரிவில்தான் தாய்மார்கள் அதிகமாக இறந்துகொண்டிருந்தார்கள். பிணப் பரிசோதனை முடித்த கையோடு நேரே பிரசவம் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அங்கே மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மெல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்றார். ஏப்ரலில் 18 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, கோடை மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்று நிரூபிக்கப்படாத காலம் அது.

ஒரு எச்சரிக்கை. கழுவும் முன்னும் பின்னும் விரலைக் கிருமி வளர்க்கும் அகார் தட்டில் பதித்துக் காட்டும் சோதனை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் சோப்பு போட்டுக் கழுவிய உடனே பதித்தால் சில சமயம் முன்பைவிட அதிகக் காலனிகள் வரும். தோலின் அடியில் வழக்கமாக வசிக்கும் பாக்டீரியாக்கள் தேய்ப்பில் மேலே வருவதுதான் காரணம். ‘கழுவினால் கிருமி கூடும்’ என்ற தவறான முடிவோடு வகுப்பு கலைந்துவிடக் கூடாது. ஒப்பிட ஆல்கஹால் கைதேய்ப்பைப் பயன்படுத்துங்கள், சோப்புத் தட்டை வைத்தால் காரணத்தையும் சொல்லுங்கள். தட்டுகளை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், வளர்ந்த பிறகு யாரும் திறக்க வேண்டாம், ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிநீக்கிய) பிறகே கழிவுக்குப் போக வேண்டும்.

கிருமிகளை எந்த வரிசையில் நடத்துவது

சாயம் ஏறும் விதத்தை வைத்துப் பிரித்து, கிராம் பாசிட்டிவ் எல்லாம் முடித்து கிராம் நெகட்டிவ் என்ற புத்தக வரிசை ஆய்வகத்துக்கு வசதி. வார்டுக்கு வேறு வரிசை வேண்டும். கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) என்ற தலைப்பில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா. புண், ஐ.வி. லைன் என்ற தலைப்பில் ஸ்டெஃபிலோகாக்கஸ். ஆக்சிஜன் ஹியூமிடிஃபயர், நெபுலைசர், சிங்க் என ஈரம் நிற்கும் இடங்களுக்கு சூடோமோனாஸ். காற்றோட்டத்துக்குக் காசநோய். ஊசிக்கு ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி.

ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகளை மட்டும் போர்டில் எழுதுங்கள். எங்கே வாழ்கிறது? எந்த வழியில் இன்னொருவரிடம் போகிறது? எந்தச் சாம்பிளில் பிடிபடும்? என் கை அதை எங்கே தடுக்கும்? நான்காவதற்கு மாணவர்களே பதில் சொல்லட்டும். கதீட்டர் வகுப்பில் அந்தப் பதில்கள் இப்படி வர வேண்டும்: பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது, குழாய் இணைப்பைக் கழற்றக் கூடாது, இன்னும் தேவையா என்று தினமும் கேட்க வேண்டும்.

நம் ஊர் நோய்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாம் சரி, ஆனால் நான் அழுத்திச் சொல்வது ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்நாட்டில், குறிப்பாக வேலூர்ப் பக்கம், மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் நிறைய வரும் காய்ச்சல் இது. ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாவை மிகச் சிறிய ஒரு பூச்சியின் இளம்புழு கடித்துச் செலுத்துகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி சொல்லவே மாட்டார். இருக்கும் இடமோ அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி. அவசரமான ரவுண்ட்ஸில் கண்ணில் படுவது சிரமம். ஆனால் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடும் நர்சிங் மாணவியின் கண்ணில் படும். அவள் அதைப் பார்த்துச் சொன்னால் டாக்ஸிசைக்ளின் அன்றே தொடங்கலாம். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகிற நோய் இது. ஸ்பான்ஜ் பாத் என்பது வெறும் துடைப்பு வேலை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பொருக்கின் படம் ஒன்றைக் காட்டுங்கள்.

லேப்

கிராம் ஸ்டெயினை எல்லோரும் ஒருமுறையாவது தாங்களே செய்ய வேண்டும். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இன்னும் அதே எலும்புக்கூட்டோடுதான் இருக்கிறது: கிரிஸ்டல் வயலட், அயோடின், நிறம் நீக்கி, சாஃப்ரனின். மூன்றாவது படி சில விநாடிகள்தான். அதிகமாக ஊற்றினால் பாசிட்டிவ் எல்லாம் நெகட்டிவாகத் தெரியும். 100 எக்ஸ் லென்சுக்கு எண்ணெய், மற்ற லென்சுகளுக்கு எண்ணெய் படக் கூடாது. இவ்வளவு போதும். நர்ஸ் வார்டில் ஸ்டெயின் போடப் போவதில்லை. மிச்ச லேப் நேரத்தை ரிப்போர்ட் படிக்கப் பயன்படுத்துங்கள். பெயரும் எண்ணும் மறைத்த பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை மைக்ரோபயாலஜி துறையிடம் கேட்டு வாங்குங்கள். எஸ் (மருந்துக்குக் கட்டுப்படும்), ஐ (இடைநிலை), ஆர் (கட்டுப்படாது) என்ற எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் எதிரே ஆர் என்று இருந்தால் அந்த நோயாளியின் கட்டிலைச் சுற்றி என்ன மாற வேண்டும் என்று பேச வையுங்கள்.

சாம்பிள் எடுப்பது: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

மைக்ரோபயாலஜி லேப் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் வந்து சேர்ந்த சாம்பிளைத் தாண்டி எதுவும் சொல்ல முடியாது. பல சமயம் அந்தச் சாம்பிளை எடுப்பது அல்லது எடுக்கச் சொல்லித் தருவது நர்ஸ். பாடத்திட்டத்தில் ஒரு வரியாக இருந்தாலும் இதற்கு நான்கைந்து மணி நேரம் கொடுங்கள்.

யூரினில் ஆரம்பிக்கலாம். கதீட்டர் உள்ள நோயாளியிடம் பையிலிருந்து எடுக்கக் கூடாது, இணைப்பைக் கழற்றியும் எடுக்கக் கூடாது. குழாயில் உள்ள சாம்பிள் போர்ட்டுக்குக் கீழே சிறிது நேரம் கிளாம்ப் போட்டு, போர்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, கிருமிநீக்கிய சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். முடிந்ததும் கிளாம்பை எடுக்க மறக்கக் கூடாது.

ஏன் உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுங்கள். உகந்த சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு மில்லியில் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000, 8,000, 16,000, 32,000, 64,000, 1,28,000. ஆறே இரட்டிப்பு, 2 மணி நேரம். தொற்று என்று கருதும் 1 லட்சம் என்ற வழக்கமான கோட்டைத் தாண்டிவிட்டது. அறை வெப்பத்தில் வேகம் இதைவிடக் குறைவு, ஆனாலும் சித்திரை வெயிலில் ஜன்னலோர மேஜையில் மதியம்வரை கிடந்த பாட்டிலின் ரிப்போர்ட்டை நம்பி ஒருவருக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது எவ்வளவு தவறு என்று புரிந்துவிடும். 2 மணி நேரத்துக்குள் அனுப்ப முடியாவிட்டால் ஃபிரிட்ஜில், 4 டிகிரியில்.

ஃபிரிட்ஜ் என்றதும் எல்லாச் சாம்பிளையும் அங்கே வைத்துவிடுவார்கள். பிளட் கல்ச்சர் பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போகக் கூடாது, கல்ச்சருக்கான மூளைத்தண்டுவட திரவமும் போகக் கூடாது. குளிரில் சில கிருமிகள் செத்துவிடும். இந்த இரண்டையும் யூரினுக்குப் பக்கத்தில் எழுதி, அடுத்த வகுப்பில் திரும்பக் கேளுங்கள்.

பிளட் கல்ச்சருக்கு நான்கு விஷயங்கள் போதும், ஆனால் கண்டிப்பாக. ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு வெவ்வேறு இடத்தில் இரண்டு செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. தோலில் குளோர்ஹெக்சிடின் தடவிக் காயவிட்ட பிறகு மறுபடி விரலால் நரம்பைத் தடவிப் பார்க்கக் கூடாது. பாட்டிலின் ரப்பர் மூடியையும் துடைக்க வேண்டும், பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினாலே அது கிருமியற்றதாகிவிடாது. கடைசி இரண்டில் ஒன்று தவறினாலும் தோலில் இருக்கும் சாதாரண ஸ்டெஃபிலோகாக்கஸ் வளரலாம், இல்லாத தொற்றுக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஏறும்.

சளிக்கு நோயாளியிடம் பேசத் தெரிய வேண்டும். “அய்யா, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்புங்கள். எச்சில் வேண்டாம்” என்று சொல்லி, திறந்தவெளியில் எடுக்கச் சொல்ல வேண்டும். இதை ஒரு மாணவரை நோயாளியாக உட்கார வைத்துப் பேசிப் பழகட்டும்.

கிருமிநீக்கம்

போர்டில் எழுதுவதைவிட மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கித் தரும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவுக்கு ஒரு காலைப்பொழுது அழைத்துப் போங்கள். 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்ற எண்கள் அங்கே உயிர்பெறும். ஆட்டோகிளேவ் டேப் நிறம் மாறியிருந்தால் பெட்டி சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டுமே அர்த்தம். உள்ளே கிருமி செத்ததா என்று சொல்வது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் சோதனை. ஈரமாக வந்த பண்டலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஹைப்போகுளோரைட் கணக்கில் கையோடு தேர்வு வையுங்கள். 5 சதவீதக் கரைசலை 1 சதவீதமாக்க ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். 10 சதவீதம் என்றால் ஒன்பது பங்கு. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், மூடிவைக்க வேண்டும், ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்காகவும் சேரக் கூடாது, குளோரின் வாயு வரும். ரத்தம் சிந்திய இடத்தில் முதலில் மேலே உறிஞ்சும் துணி அல்லது காகிதம், அதன்மேல் 1 சதவீதக் கரைசல், குறைந்தது 10 நிமிடம் பொறுமை. அதன்பிறகே துடைப்பு.

ஊசியும் கழிவும்

கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கும் முன் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். 0, 1, 6 மாதம் என்பது அட்டவணை, ஆகவே முதலாம் ஆண்டிலேயே தொடங்கினால்தான் நேரத்துக்கு முடியும். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பார்ப்பதும் நிர்வாகத்திடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய விஷயம்.

தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம்வரை, எச்.ஐ.வி. 0.3 சதவீதம் என்ற ஒப்பீட்டைச் சொல்லுங்கள். பயம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரியும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில் திரட்டிய ரத்த மாதிரிகளில்தான். சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது, சோதனை நடந்தது வேலூரில். மாணவியாக இருந்த ஒருவர் செய்தது என்று சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

குத்திவிட்டால் என்ன செய்வது என்பதை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்து மறைக்கும் பிள்ளைகள் எல்லா பேட்ச்சிலும் இருப்பார்கள். “குத்தினால் முதலில் எனக்கு போன் பண்ணு, இரவு எத்தனை மணியானாலும் சரி” என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கழிவுக்குப் படம் ஒட்டிய சார்ட் போதாது. பயன்படுத்தாத ஒரு ஐ.வி. செட்டையும் நான்கு டப்பாக்களையும் மேஜையில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். 2016 விதிகளின்படி ஊசி வெள்ளை டப்பாவுக்கு, குழாயும் கையுறையும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு, கண்ணாடி ஆம்ப்யூல் நீலக் குறியிட்ட பெட்டிக்கு. சிரிஞ்ச் சுற்றி வந்த காகித உறை சாதாரணக் குப்பை. இந்தக் கடைசி ஒன்றில்தான் பலரும் தடுமாறுவார்கள்.

பாதுகாப்பு உடையைக் கழற்றும் வரிசையையும் இதே மாதிரி கையால் பழக்குங்கள்: கையுறை, கண்ணாடி, கவுன், கடைசியாக அறைக்கு வெளியே வந்த பிறகு முகக்கவசம்.

வாய் திறந்து சொல்லப் பழக்குவது

வார்டில் மாணவிதான் எல்லோருக்கும் இளையவள். சீனியர் சிஸ்டரோ டாக்டரோ கையுறை மாற்றாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் அவளுக்குத் தவறு தெரியும், சொல்ல வராது. சொல்வதற்கான வாக்கியங்களை நாம் கொடுக்க வேண்டும். “சிஸ்டர், புது கையுறை எடுத்துத் தரட்டுமா?” “சார், ட்ரேயில் கை பட்டுவிட்டது போலத் தெரிந்தது, வேறு செட் திறக்கட்டுமா?” மரியாதை குறையாது, வேலையும் நடக்கும். இரண்டிரண்டு பேராக நிற்க வைத்து, ஒருவர் கோபப்படும் சீனியராக நடித்து, மற்றவர் சொல்லிப் பழகட்டும். வார்டு இன்சார்ஜிடமும் முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள், எங்கள் பிள்ளைகள் இப்படிக் கேட்பார்கள், தயவுசெய்து தடுக்காதீர்கள் என்று.

மதிப்பிடும்போது

எழுத்துத் தேர்வில் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் பற்றி எழுதுக’ என்று கேட்டால் புத்தகம் திரும்ப வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஆறாம் எண் கட்டில், சிசேரியன் முடிந்து நான்காம் நாள், காயத்தில் சீழ், காய்ச்சல் 101. டிரெஸ்ஸிங் மாற்றும் முன் என்ன சாம்பிள் எடுப்பாய், எப்படி எடுப்பாய், அடுத்த கட்டிலுக்குப் போகும் முன் என்ன செய்வாய்?’

செய்முறைக்கு, போஸ்டிங்கின் முதல் வாரத்தில் நீங்களே வார்டில் ஒரு ஓரமாக நின்று, கைகழுவ வேண்டிய தருணங்கள் எத்தனை வந்தன, எத்தனையில் கழுவினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம், ஐந்தில் எந்தத் தருணம் விடுபட்டது என்று மட்டும் போதும். திங்கட்கிழமை வகுப்பில் அந்தத் தாளைக் காட்டி, ஏன் விட்டுப்போனது என்று அவர்களிடமே கேளுங்கள். ‘கைதேய்ப்பு பாட்டில் காலியாக இருந்தது’ என்ற பதில் வந்தால் அது மாணவர்களின் குறை இல்லை. வார்டு இன்சார்ஜிடம் போய்ப் பாட்டில் நிரப்பச் சொல்லுங்கள், அடுத்த வாரம் மறுபடி எண்ணுங்கள்.